தங்கள் தங்கையை நிறுத்துவது தொடர்பாக

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அறுவைச் சிகிச்சை செய்த என் வலது கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. இடது கண் சொட்டு மருந்தோடு தன் முறைக்காகக் காத்திருக்கிறது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் தங்கச்சி என்று அழைக்கும் தங்கள் மனைவியையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது இருபதுக்குத் தாங்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். பேச்சு பதினொரு நிமிடம் நீடித்தது. அதில் பத்து நிமிடம் தாங்கள் பேசினீர்கள். "மாப்பிள்ள, முப்பத்தி நாலு வருஷம் பேப்பர்ல இருந்து ஊரையே கேள்வி கேட்டீங்க. வீட்டுல ஒருத்திகிட்ட 'போதும்மா, போன கீழ வை'ன்னு சொல்ல உங்களுக்கு வாய் வரலையா" என்று கேட்டீர்கள். நகரசபைத் தலைவர் தங்களோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் என்றும், அவர் தங்களை அழைத்து வருத்தப்பட்டார் என்றும், தங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை என்றும் சொன்னீர்கள். பதினோராவது நிமிடத்தில் நான், "சரி மச்சான், நிறுத்திடறேன்" என்றேன். "வாயால சொன்னா நம்ப மாட்டேன், எழுத்துல குடுங்க" என்றீர்கள். அதன்படியே இதை எழுதுகிறேன். ஒரு மாதம் தாமதமானதற்கு மன்னிக்கவும். விஷயம் முடிவதற்குள் எழுதி, பிறகு திருத்தம் போடுவது எனக்கு எப்போதும் பிடிக்காது.

முதலில் இது எப்படித் தொடங்கியது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும், ஏனென்றால் தலைவர் தங்களிடம் சொன்னதில் தேதிகள் தவறு. பதினெட்டு மாதங்களுக்கு முன் எனக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நகரசபைக் கூட்டம் மாதத்தின் இரண்டாம் செவ்வாய், காலை பதினொரு மணி. நான் ஓய்வு பெற்றவன் என்றாலும் ஒரு வாரப் பத்திரிகைக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றி ஆறு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன் என்பது தங்களுக்குத் தெரியும். கண்ணில் கட்டோடு போக முடியாது. தங்கள் தங்கை, "நான் போய் எழுதிட்டு வர்றேன், அதென்ன பெரிய வித்தையா" என்று என் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பதினொன்று பத்துக்கு எனக்குப் போன் வந்தது. "எனக்கு அவ்வளவு வேகமா எழுத வரலங்க. போன வைக்காதீங்க, நான் பாக்கறத அப்படியே சொல்லிட்டே வர்றேன்." அவள் தொலைபேசி நிலையத்தில் இருபத்தொன்பது வருஷம் இணைப்பாளராக இருந்தவள். காதில் ஒரு கருவி, கையில் ஒரு வயர், முன்னால் நாற்பது துளை உள்ள பலகை, ஒரே நேரத்தில் நாலு ஊரைப் பேச வைத்த வாய். அந்த வாய் ஓய்வு பெற்று ஆறு வருஷம் சும்மா இருந்தது. அன்றைக்கு என் ஒருவனுக்காக அது திறந்தது.

நான் முப்பத்துநான்கு வருஷம் எழுதிய வாக்கியம் இது: "கூட்டத்தில் உறுப்பினர்கள் திரளாகக் கலந்துகொண்டனர்." அவள் சொன்னது இது: "பதினாலு நாற்காலி. பதினொரு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க. எட்டுப் பேரு உட்கார்ந்திருக்காங்க. ரெண்டு பேரு தூங்கறாங்க, அதுல ஒருத்தர் மறைக்காம தூங்கறாரு. தண்ணிக் குழாய் விஷயம் ஆரம்பிச்சதும் மூணாவது வார்டு உறுப்பினர் போன காதுல வெச்சுட்டு வெளிய போறாரு. போன் மணி அடிச்ச மாதிரி எனக்குத் தெரியல." கட்டுப் போட்ட கண்ணோடு படுக்கையில் கிடந்த நான், அந்த மண்டபத்தை அதுவரை பார்த்தே இராதவன்போல் உணர்ந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது என் கண்ணில் சொட்டு மருந்து விட, அன்று வேலைக்கு விடுப்புப் போட்டிருந்த அடுத்த வீட்டுப் பெண் வந்திருந்தாள். தையல் தொழிற்சாலையில் பொத்தானுக்குத் துளை தைக்கும் காஜாப் பிரிவில் வேலை, எல்லோருக்கும் அவள் காஜா அக்கா. சொட்டு விட இரண்டு நிமிடம் போதும். அவள் போனின் பக்கத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகும்போது, "அண்ணே, இத்தன வருஷமா நீங்க பேப்பர்ல எழுதுனதும் இதே கூட்டத்தப் பத்தியா" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குச் சந்தேகம்.

அடுத்த மாதம் அந்த இணைப்பில் மூன்று பேர். அதற்கடுத்த மாதம் காஜா அக்காவே போனில் ஏதோ ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்து, "அக்கா, இத அழுத்துனா யாரு வேணும்னாலும் கேக்கலாம்" என்றாள். நாற்பது பேர் கேட்டார்கள். கூட்டம் நடப்பது வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் நகரசபைக்கு வர எந்தத் தையல்காரியால் முடியும், எந்தச் செவிலியால் முடியும், எந்தப் பள்ளி ஆயாவால் முடியும். பொதுமக்களுக்கென்று போட்ட முப்பது நாற்காலியில் முப்பத்துநான்கு வருஷமாக நானும் சில சமயம் மழைக்கு ஒதுங்கியவர்களும்தான் உட்கார்ந்திருக்கிறோம். இப்போது தையல் கூடத்தில் பாட்டுப் போடும் ஒலிபெருக்கியில் மேற்பார்வைக்கார அம்மாவே தங்கள் தங்கையின் குரலைப் போட்டுவிடுகிறார். "வணக்கம். நகரசபை மண்டபம். இணைப்பில் இருங்கள்" என்று அவள் தொடங்குவாள். நூற்று அறுபது மெஷின் ஓடிக்கொண்டே கேட்கும்.

மச்சான், நான் அவளைத் தடுக்க முயலவில்லை என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. தடுப்பதற்காகத்தான் நான் கூடவே போக ஆரம்பித்தேன். போன இடத்தில், போனை ஒரே உயரத்தில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என் கையில் கொடுத்தாள். அப்படிப் பிடித்துக்கொண்டிருந்த ஏழாவது கூட்டத்தில், வடிகால் பற்றிய அறிக்கை வாசிக்கப்பட்டபோது, நான் சற்றுக் கண் அயர்ந்தேன். போன் என் தாடைக்கு நாலு விரல் கீழே இருந்தது. தொண்ணூற்று நாலு பேர் என் குறட்டையைப் பன்னிரண்டு நிமிடம் கேட்டிருக்கிறார்கள். அது ஆறாவது வார்டு உறுப்பினரின் குறட்டை என்று தையல் கூடம் முடிவு செய்தது. மறுநாள் அவர் வீட்டுக்கு முன்னால் நாலு பெண்கள் நின்று, "அய்யா, எங்க தெரு சாக்கடையப் பத்திப் படிக்கும்போதா உங்களுக்குத் தூக்கம் வருது" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கோபமாக நகரசபைக்குக் கடிதம் எழுதினார்: சம்பந்தப்பட்ட நாளில் தாம் ஊரிலேயே இல்லை, ஆகவே குறட்டை தம்முடையதாக இருக்க வாய்ப்பே இல்லை. கடிதம் அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. தங்கள் தங்கை அதை வரிக்கு வரி திருப்பிச் சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டில் அன்றைய தேதியில் அவருடைய கையெழுத்து இருப்பதையும் சேர்த்துச் சொன்னாள். நான் எழுந்து குறட்டை என்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஆறாவது வார்டு உறுப்பினர் ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. வந்து, கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறார். என் வாழ்நாளில் எந்தத் தலையங்கத்தாலும் எந்த உறுப்பினருக்கும் நேராத மாற்றம் அது.

இதற்குப் பிறகுதான் தலைவர், பார்வையாளர்கள் போன் பயன்படுத்தக் கூடாது என்றார். தங்கள் தங்கை, "அப்படி எங்க எழுதியிருக்குன்னு காட்டுங்க" என்றாள். எழுத்தர் விதிப்புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து வந்தார். அவர் பயந்த மனிதர், ஆனால் புத்தகத்தில் இருப்பதை இல்லை என்று சொல்ல மாட்டார். முப்பத்தொன்றாம் விதி, சுவரில் ஒரே ஒரு தொலைபேசி மாட்டியிருந்த காலத்தில் எழுதியது: "பொதுமக்கள் கூட்ட நாளில் தொலைபேசியைப் பயன்படுத்த விரும்பினால் எழுத்தரிடம் அனுமதி பெற்றுப் பயன்படுத்தலாம்." எவ்வளவு நேரம் என்று இல்லை. யாரோடு என்று இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு இரண்டாம் செவ்வாயும் பத்தே முக்காலுக்கு அவள் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பாள், எழுத்தர் முத்திரை குத்துவார். "அம்மா, இன்னைக்கும் ரெண்டு மணி நேரமா" என்பார். "அது அவங்க கையில இருக்கு" என்று உள்ளே கை காட்டுவாள்.

இனி தலைவர் தங்களிடம் வருத்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாத நிகழ்ச்சிநிரலில் பதினான்காவது பொருள், "போக்குவரத்துச் சீரமைப்பு." இரண்டே சொல். அதன் பொருள் என்னவென்றால், தையல் தொழிற்சாலை வாசலில் இருக்கும் பஸ் நிறுத்தத்தை எடுத்து, நாலு வழிச் சாலைக்கு அந்தப்புறம், புதிதாகக் கட்டியிருக்கும் கடைக் கட்டடத்தின் முன்னால் வைப்பது. தொழிற்சாலையில் மாலை ஏழு மணிக்கு வேலை முடியும். பஸ் ஏழு பத்துக்கு. அதை விட்டால் எட்டு ஐம்பதுக்குத்தான். அந்தச் சாலையில் விளக்கும் இல்லை, கடக்கக் கோடும் இல்லை. சென்ற வருஷம் மட்டும் அங்கே மூன்று விபத்து நடந்ததை நானே எழுதியிருக்கிறேன், தலா நாலு வரி.

தலைவர், "பொதுமக்கள் கோரிக்கையின் பேரில் இது கொண்டுவரப்படுகிறது" என்றார். அதோடு தேநீர் இடைவேளை அறிவித்தார்.

இங்கே ஒரு தொழில் வழக்கத்தைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். மண்டபத்திலிருந்து தேநீர் அறைக்குப் பதினாலு அடி. அந்தப் பதினாலு அடிக்குள் நிருபர் தன் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட வேண்டும். அங்கே பேசுவது செய்தி ஆகாது. எனக்கு முன்னால் இருந்தவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது, நானும் ஒரு நாளும் மீறியதில்லை. தலைவர் வாயைத் திறப்பதற்கு முன் என் சட்டைப்பையைப் பார்ப்பார். பேனா ஏறியிருந்தால் பேசுவார். அன்றும் பார்த்தார், பேனா இருந்தது. தங்கள் தங்கைக்கு அவரே கோப்பையை எடுத்துக் கொடுத்து, "அக்காவுக்குச் சர்க்கரை போதுமா" என்று கேட்டார். பிறகு ஐந்தாவது வார்டு உறுப்பினரிடம், "கட்டடம் கட்டுனவரு மச்சினன் முறை வேணும் நமக்கு. கடைக்கு ஆள் வரணும்ல. பஸ்ஸ அங்க நிறுத்துனா தானா வருவாங்க" என்றார். "கோரிக்கை மனு எங்க அண்ணே" என்று அவர் கேட்க, "அத அடுத்த வாரம் தயார் பண்ணிக்கலாம்" என்றார். "தையல் கம்பெனிப் பொம்பளைங்க?" "ரோட்டத் தாண்டட்டும். நாள் பூரா உட்கார்ந்தே இருக்காங்க, நடந்தா உடம்புக்கு நல்லது."

போன் தங்கள் தங்கையின் கையில் இருந்தது. நான் முழங்கையால் அவளை இடித்தேன். அவள் காதோடு, "கட் பண்ணும்மா, இடைவேளை" என்றேன். அவளும் என் காதோடு சொன்னாள்: "ரெண்டு பக்கமும் வைக்கலையே."

அது அவளுடைய தொழில் வழக்கம். தொலைபேசி நிலையத்தில் இணைப்பாளர் தானாக வயரை உருவக் கூடாது. பேசுகிற இருவரும் ரிசீவரை வைத்துவிட்டார்கள் என்று விளக்கு அணைந்து காட்டிய பிறகுதான் உருவ வேண்டும். இருபத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவள் முன்னதாக உருவியதில்லை, அதற்காக ஒரு பாராட்டுச் சான்றிதழே வீட்டில் இருக்கிறது. கூட்டத்தைத் தலைவர் முடித்துவைக்கவில்லை. தையல் கூடம் போனை வைக்கவில்லை. அவள் எப்படி உருவுவாள். அந்தச் சமயம் தையல் கூடத்தில் நடந்ததை மேற்பார்வைக்கார அம்மா எனக்குப் பிறகு சொன்னார். முதல் வரிசையில் ஒரு மெஷின் நின்றதாம். பிறகு அதன் பக்கத்து மெஷின். அப்படியே வரிசை வரிசையாக நூற்று அறுபதும் நின்று, "நடந்தா உடம்புக்கு நல்லது" என்பது எந்த இரைச்சலும் இல்லாமல் தெளிவாகக் கேட்டதாம்.

இடைவேளைக்குப் பிறகு, நேரமில்லை என்று பதினான்காவது பொருளை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். இதற்கடுத்த மூன்றாம் நாள் தலைவர் தங்களை அழைத்தார். நான்காம் நாள் தாங்கள் என்னை அழைத்தீர்கள். ஐந்தாம் நாள் அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு தாள், தட்டச்சு செய்தது. "தேநீர் இடைவேளையில் பேசப்படுவது கூட்டத்தின் பகுதியாகவோ செய்தியாகவோ கருதப்படாது என்பது இந்நகரசபையின் நீண்டகால வழக்கம் என உறுதியளிக்கிறேன்." கீழே என் பெயருக்கு மேல் கையெழுத்துக்கு இடம். "அண்ணே, நீங்கதான் ஊருக்கே மூத்த நிருபர். இத நீங்க அடுத்த கூட்டத்துல எழுந்து படிச்சீங்கன்னா போதும். கேட்டது எதுவும் கணக்கில்ல, பதினாலாவது பொருள் அமைதியா நிறைவேறிடும். வேற யாரும் உங்கள மாதிரி வழக்கம் தெரிஞ்சவங்க இல்ல" என்றார். தாளை நாலு தடவை படித்தேன். ஒரு சொல்கூடத் தவறில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு தங்கள் தங்கை மேசையில் கிடந்த பேனாவை எடுத்து என் சட்டைப்பையில் செருகினாள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நானே, "எழுதியிருக்கறது உண்மைதானம்மா" என்றேன். "உங்க பேனா, உங்க கையெழுத்து" என்று சொல்லிவிட்டுப் போனைச் சார்ஜில் போடப் போய்விட்டாள். காஜா அக்கா ஒரு வாரம் எனக்குச் சொட்டு மருந்து விட வரவில்லை. நானே விட்டுக்கொண்டேன். பாதி காதில் விழுந்தது.

நேற்று முன்தினம் கூட்டம். என்னைத் தலைவர் எழுந்து படிக்கச் சொன்னார். எழுந்தேன். எனக்கு இடப்பக்கம் ஆறு நாற்காலி தள்ளித் தங்கள் தங்கை போனைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது: "இப்ப எழுந்திருக்கிறவரு என் வீட்டுக்காரரு. கையில ஒரு தாள். தலைகீழாப் பிடிச்சிருந்தாரு, இப்பத் திருப்பிட்டாரு." என்னைப் பற்றி ஒருவர் செய்தி சொல்வதை நான் கேட்டது அதுவே முதல் முறை. சரியாகத்தான் சொன்னாள்.

தாளில் இருந்ததைப் படித்தேன். தலைவர் தலையசைத்தார். நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால், மச்சான், விவரம் இல்லாத ஒரு வரிச் செய்தியை எந்த ஆசிரியரும் என்னிடம் வாங்கியதில்லை. ஆகவே விவரத்தையும் சொன்னேன். "இந்த வழக்கம் உண்மை. முப்பத்துநான்கு வருஷம் நான் அதைக் காப்பாற்றினேன். அந்த அறையில் என் காதுபட முடிவானவை என்று என் பழைய குறிப்பேடுகளை வைத்து இந்த மாதம் எண்ணிப் பார்த்தேன், அறுபத்தொன்று. பெண்கள் மருத்துவமனையை ஊருக்கு வெளியே கொண்டுபோனது அதில் ஒன்று. சந்தைக் கழிப்பறையை மூடியது ஒன்று. மண்டபத்தில் அவற்றுக்குக் கை மட்டும்தான் தூக்கினார்கள். நான் கை தூக்கியதை மட்டும்தான் எழுதினேன். வழக்கம் இருக்கிறது என்று உறுதியளிக்கிறேன். அது நல்ல வழக்கம் என்று தாளில் எழுதப்படவில்லை, ஆகவே அதற்கு நான் உறுதியளிக்கவில்லை" என்றேன்.

இடப்பக்கத்திலிருந்து, "உட்காரல. இன்னும் நிக்கிறாரு" என்று கேட்டது.

தலைவர், "பொதுமக்கள் கேள்வி இருந்தா நேர்ல இருக்கிறவங்க கேட்கலாம். யாரும் இல்ல. வாக்கெடுப்புக்குப் போகலாம்" என்றார். தங்கள் தங்கை கை தூக்கினாள். "இருக்காங்க. போன்ல இருக்காங்க" என்றாள். "நேர்ல இருக்கணும்மா." "எழுத்தரய்யா, முப்பத்தொண்ணாவது விதியப் படிங்க." எழுத்தர் எழுந்தார். பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்தார். தலைவரைப் பார்க்காமல், விதிப்புத்தகத்தைப் பார்த்தே சொன்னார்: "தொலைபேசியைப் பயன்படுத்தலாம்னு இருக்குங்க. பயன்படுத்துறதுன்னா பேசறதும்தான். அனுமதி காலைலயே குடுத்தாச்சு. முத்திரை இருக்கு."

அவள் நடந்து போய்ப் போனை மேசை ஒலிவாங்கியின் முன்னால் வைத்தாள். காஜா அக்காவின் குரல் வந்தது.

"தலைவரய்யா, வணக்கம். காஜா செக்‌ஷன்லேருந்து பேசறேன். ஏழு மணிக்கு மெஷின் நிக்கும். கைப்பையச் சோதிச்சு வாசல்ல விட ஆறு நிமிஷம். பஸ்ஸு ஏழு பத்து. மிச்சம் நாலு நிமிஷம். நாலு நிமிஷத்துல அந்த நாலு வழி ரோட்ட நீங்க ஒரு நாள் தாண்டிக் காட்டுங்க. நாங்க வாசல்ல நின்னு பாக்கறோம். நீங்க பத்திரமா அந்தப் பக்கம் போய்ட்டீங்கன்னா நாங்க நூத்தி அறுபது பேரும் பின்னாலயே வர்றோம். அவ்வளவுதான் கேள்வி."

போனில் பின்னணி இரைச்சல் இல்லை. அங்கே மெஷின்கள் நின்றிருந்தன என்று புரிந்தது. தலைவர், "கோரிக்கை மனு…" என்று தொடங்கினார். "அது இன்னும் தயாராகலைங்களே" என்றார் எழுத்தர். அவர் வேண்டுமென்று சொன்னாரா, தலைவர் தம்மிடம் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னாரா என்பது எனக்கு இதுவரை உறுதியாகவில்லை, ஆகவே அதைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை.

வாக்கெடுப்பு. பஸ் நிறுத்தம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று முதலில் கை தூக்கியவர் ஆறாவது வார்டு உறுப்பினர். அவரைப் பார்த்து இன்னும் ஏழு கை. எதிராக ஐந்து. ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். தங்கள் தங்கை ஒவ்வொரு கையையும் வார்டு எண்ணோடு சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். இது அந்தச் செயலியே காட்டும் எண், நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அன்று மாலை ஏழு மணிக்கு நான் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். செய்திக்காகத்தான் போனேன். மணி அடித்தது, பைகளைச் சோதித்தார்கள், ஏழு ஆறுக்கு முதல் பெண் வெளியே வந்தாள். எல்லோரும் அதே நிறுத்தத்தில் அதே வரிசையில் நின்றார்கள். கூட்டமோ கோஷமோ இல்லை. காஜா அக்கா என்னைப் பார்த்து, "அண்ணே, கண்ணு சிவந்திருக்கே. மருந்து ஒழுங்கா விட்டீங்களா" என்றாள். பஸ் ஏழு பன்னிரண்டுக்கு வந்தது. இரண்டு நிமிடம் தாமதம். ஆறு பத்தி எழுதி அனுப்பினேன். தேநீர் அறைக்கு ஒரு பத்தி. தங்கள் தங்கை படித்துப் பார்த்து, "பரவால்ல, அங்க ஆள் இருந்து எழுதுன மாதிரி இருக்கு" என்றாள். திருமணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் என் எழுத்துக்கு அவளிடமிருந்து கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு இது.

ஆக, மச்சான், தாங்கள் கேட்ட உறுதிமொழிக்கு வருகிறேன். பஸ் நிறுத்தம் பற்றிய விஷயம் முடிந்துவிட்டது. நேற்று காலை அவளிடம், "அண்ணனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், போதும்மா" என்று நேரடியாகவே சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "சரிங்க, அடுத்த மாசம் நான் நகரசபைப் பக்கமே போகல" என்றாள். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்கே ஆச்சரியம். ஆகவே அடுத்த இரண்டாம் செவ்வாயன்று தங்கள் தங்கை இந்த ஊர் நகரசபையில் போனோடு காணப்பட மாட்டாள் என்று இதன்மூலம் எழுத்துப்பூர்வமாக உறுதியளிக்கிறேன். தலைவரிடமும் சொல்லி, தாங்கள் பழையபடி தலை நிமிர்ந்து அவரோடு பேசலாம்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கவும். பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, தங்கச்சிக்கு எங்கள் இருவரின் அன்பு.

இப்படிக்கு,
தாங்கள் சொன்னதை மறக்காத மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தங்கள் தங்கை ஒரு பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து விசாரித்தேன். அடுத்த இரண்டாம் செவ்வாயன்று அவள் தங்கள் ஊரில், தங்கள் வீட்டில் இருப்பாள். அன்று தங்கள் ஊர்க் குடிநீர் வாரியத்தின் பொதுக்கூட்டம். அதைத் தங்கள் வீட்டுத் தங்கச்சி போனில் ஒலிபரப்புகிறாள். முதல் தடவை என்பதால் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். தங்கச்சி பதினாலு மாதமாக எங்கள் கூட்டங்களைக் கேட்டு வருகிறாள் என்பதும், இதுவரை முப்பத்தோரு குரல்செய்தி அனுப்பியிருக்கிறாள் என்பதும், அவற்றை எங்கள் ஒலிபரப்பில் போட்டிருக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். தங்களுக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். இங்கே கூட்டத்தை அன்று யார் சொல்வது என்று கேட்டேன். "நீங்கதான், வேற யாரு" என்று பதில் வந்தது. விண்ணப்பம் எழுதிவிட்டேன்.

இன்னொன்று. அந்த முப்பத்தொன்றில் மூன்றில் பின்னால் தங்கள் குரல் இருக்கிறது. மூன்றிலும் தாங்கள், "என் கண்ணாடிய எங்க வெச்ச" என்றுதான் கேட்கிறீர்கள். அது கிடைத்ததா என்று தையல் கூடத்தில் இன்றுவரை விசாரிக்கிறார்கள். ஒரு வரி எழுதிப் போடவும், செவ்வாயன்று படித்துவிடுகிறேன்.